தவளையின் தொண்டையிலிருந்து மூளை வரை: ஈரூடகவாழிகளின் மூச்சை நரம்புகள் நடத்தும் விதம் – முழுமையான வழிகாட்டி

உயர்தர உயிரியல் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளுக்கு ஒரே வேலையைக் கொடுப்பேன்: "ஒரு தவளை நிமிடத்துக்கு எத்தனை தடவை மூச்சு விடுகிறது? எண்ணிக்கொண்டு வாருங்கள்." லயத்துப் பிள்ளைகளுக்குத் தவளை புதிதல்ல. பீலிக்கரையில் இருக்கும், தேயிலை மலையின் கானில் இருக்கும், மழை விழுந்தால் வாசற்படிக்கே வந்துவிடும். மறுநாள் கொப்பியில் பெரிய பெரிய எண்களோடு வருவார்கள். தொண்டை துடிப்பதைப் பார்த்து எண்ணியிருப்பார்கள். எண்ணியதில் பிழை இராது. ஆனால் எண்ணப்பட்டது மூச்சு அல்ல. அந்தத் துடிப்புகளில் பெரும்பாலானவற்றின்போது சுவாசப்பைக்குள் ஒரு துளி காற்றும் போவதில்லை.

இந்த ஒரு பிழையைத் திருத்தினால் நரம்புக் கட்டுப்பாட்டில் பாதி விளங்கிவிடும் என்பது என் எண்ணம். குறிப்புப் புத்தகங்கள் மூளையின் படத்தை முதலில் போட்டு, அங்கிருந்து கீழ்நோக்கி அம்புக்குறி வரைகின்றன. மாணவர்கள் அம்புகளை மனனம் செய்கிறார்கள், தவளையை மறந்துவிடுகிறார்கள். இங்கே வழியைத் தலைகீழாக்குகிறேன். தொண்டையில் தொடங்கி, தசை, நரம்பு, மூளை என்று உள்ளே போவோம்.

தேவையானவை ஒரு டோர்ச், அதன் முகத்தில் கட்டச் சிவப்புப் பட்டத்தாள், விநாடி காட்டும் கடிகாரம், ஒரு வெப்பமானி, பென்சில், கடதாசி. பொறுமையும் வேண்டும். அது கடையில் கிடைக்காது.

முதலாம் படி: ஆளைத் தேர்ந்தெடுங்கள்

தொடக்கத்துக்குத் தேரைதான் நல்லது. வெளிவிளக்கின் கீழே பூச்சிக்காகக் காத்திருக்கும் தேரை நெடுநேரம் அசையாது. தொண்டையும் பெரிது. தேயிலைச் செடியிலும் வேலியிலும் இருந்து 'டிக் டிக்' என்று கூப்பிடும் சிறிய புதர்த்தவளைகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கூப்பிடும் ஆண் தவளை வாயை மூடிக்கொண்டே உடற்சுவர்த் தசைகளால் சுவாசப்பைக் காற்றைத் தொண்டைப் பைக்குத் தள்ளுகிறது. அதே காற்றைத் திரும்ப வாங்கியும் கொள்கிறது. மூச்சுக்கான அதே குழாய், பெரும்பாலும் அதே நரம்புகள். புதிதாகப் பார்ப்பவருக்குப் பாட்டு எது, மூச்சு எது என்று பிரிக்க முடியாது.

பிடிக்க வேண்டாம். கையில் பிடித்த தவளையின் மூச்சு பதற்றத்தின் மூச்சு, எண்ணியும் பயனில்லை. நம் கையிலுள்ள நுளம்பு மருந்தும் சவர்க்காரமும் அதன் தோலுக்கு ஆகாது, ஏனென்றால் அதன் தோலும் சுவாசிக்கிறது. ஹோட்டன் சமவெளி போன்ற தேசிய பூங்காவுக்குள் பார்வையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காலடியில் அட்டையையும், கிளையில் பச்சை விரியனையும் கவனியுங்கள்.

இரண்டாம் படி: மூன்று இடங்களை ஒரே நேரத்தில் பாருங்கள்

தொண்டை, மூக்குத்துவாரம், விலாப்பக்கம். (விலாப்பக்கம் என்பது பேச்சுக்கு. தவளைக்கு நம்மைப் போல நெஞ்சைச் சுற்றிய விலா என்புக்கூடு கிடையாது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகடும் கிடையாது.)

இங்கேதான் நாமும் தவளையும் பிரிகிறோம். நாம் நெஞ்சறையை விரித்து, உள்ளே அமுக்கத்தைக் குறைத்து, காற்றை உறிஞ்சுகிறோம். தவளைக்கு அந்த வசதி இல்லை. அது காற்றை வாயில் பிடித்து, அமுக்கி, சுவாசப்பைக்குள் தள்ளுகிறது. சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கும் பம்ப் செய்யும் வேலைதான்.

ஒரு முழு மூச்சின் ஒழுங்கு இது. வாய்த்தளம் கீழிறங்கும், திறந்திருக்கும் மூக்குத்துவாரங்களால் புதிய காற்று வாய்க்குள் வரும். அடுத்து மூச்சுக்குழலின் வாய் திறக்கும்; சுவாசப்பையில் இருந்த பழைய காற்று வாய்க்குழியைக் கடந்து மூக்கால் வெளியேறும். உடனே மூக்குத்துவாரங்கள் மூடும். வாய்த்தளம் பலமாக மேலெழும். வேறு வழியில்லாத காற்று சுவாசப்பைக்குள் போகும். மூச்சுக்குழல் வாய் மூடிக்கொள்ளும். புதிய காற்றும் பழைய காற்றும் வாயில் ஒன்றையொன்று கடப்பது எப்படி என்ற கேள்வியை வைத்து, அமெரிக்கப் பெருந்தவளையில் ஆய்வாளர் கார்ல் கான்சும் அவருடைய கூட்டாளிகளும் 1969இல் அளவீடுகளை வெளியிட்டார்கள். பழைய காற்று வாயின் மேற்பகுதியால் ஒரு தாரையாகப் பாய்ந்து போகிறது, புதியது கீழே பின்புறம் தங்கி நிற்கிறது என்பது அவர்களின் விளக்கம். ஓரளவு கலக்கவே செய்கிறது என்று பின்வந்தவர்கள் காட்டினார்கள்.

சிறு துடிப்பு வேறு. அதில் மூச்சுக்குழல் வாய் மூடியே இருக்கும், மூக்குத்துவாரம் திறந்தே இருக்கும். வாய்த்தளம் மெல்ல ஏறி இறங்கும், வாய்க்காற்று மட்டும் மாறும், விலாப்பக்கம் அசையாது. பிள்ளைகள் எண்ணிக்கொண்டு வந்தது இதைத்தான்.

'நுணலும் தன் வாயால் கெடும்' என்பார்கள். பாம்புக்குக் காட்டிக்கொடுக்கும் சத்தத்தைப் பற்றிய பேச்சு அது. உடலமைப்பின்படியும் அது சரியாகவே இருக்கிறது: வாயைத் திறந்தே வைத்திருந்தால் பம்ப் வேலை செய்யாது, சுவாசப்பைக்குக் காற்றுத் தள்ள முடியாது.

மூன்றாம் படி: புள்ளியும் கோடும்

சிறு துடிப்புக்கு ஒரு புள்ளி. மூக்குத்துவாரம் மூடி, விலாப்பக்கம் அசைந்தால் ஒரு கோடு. துடிப்பே இல்லாத இடைவெளிக்கு வெற்றிடம். பத்து நிமிடம் இப்படியே எழுதுங்கள். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் வெப்பநிலையைக் குறியுங்கள்.

புள்ளிகள் நிறைய இருக்கும், கோடுகள் சில. கோடுகளும் சீரான இடைவெளியில் வராது. இரண்டு, மூன்று, சிலவேளை அதற்கு மேலும் கொத்தாக வந்துவிட்டு நீண்ட ஓய்வு விழும். கொத்தின் நடுவில் சுவாசப்பை படிப்படியாக ஊதி, தேரையே பருத்துத் தெரிவதும் உண்டு. ஓய்வின்போது நமக்கு நேர்மாறான நிலை: நாம் மூச்சை விட்டுவிட்டு ஓய்கிறோம், தவளை மூச்சை நிரப்பி, கதவை மூடிவிட்டு ஓய்கிறது.

இந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். ஐந்தாம் படியில் தேவை.

நான்காம் படி: ஒவ்வோர் அசைவுக்கும் உரிய நரம்பைக் கண்டுபிடியுங்கள்

தவளைக்கு மண்டையோட்டு நரம்புகள் பத்துச் சோடி. மூச்சுக்கு வேண்டியவை பின்பாதியில் இருக்கின்றன. ஐந்தாம் நரம்பு இரு தாடைப் பாதிகளுக்கும் நடுவே விரிந்திருக்கும் தசையை இழுத்து வாய்த்தளத்தை உயர்த்துகிறது. கீழ்த்தாடை நுனியிலுள்ள சிறு தசையும் அதன் பொறுப்பு. அந்தத் தசை மூக்கின் முனையை மேலே தள்ளி மூக்குத்துவாரத்தை மூட உதவுகிறது. ஏழாம் நரம்பு அதற்கு அடுத்த பின்பகுதித் தசைக்குப் போகிறது. நாவடி என்பைக் கீழே இழுத்து வாய்க்குழியை விரிக்கும் தசைக்கு நாவடி நரம்பு. நம்மில் அது பன்னிரண்டாம் மண்டையோட்டு நரம்பு. தவளையில் மண்டையோட்டுக்கு வெளியே, முள்ளந்தண்டு நரம்பாக வெளிவருகிறது.

முக்கியமானவர் பத்தாமவர், வேகசு நரம்பு. மூச்சுக்குழல் வாயைத் திறக்கும் தசையும் மூடும் தசையும் அதன் கிளைக்குக் கட்டுப்பட்டவை. புள்ளிக்கும் கோட்டுக்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் இந்தக் கதவில் இருக்கிறது. கதவைத் திறக்கும் கிளையில் மின்துடிப்பு வந்தால் அது கோடு. ஐந்தாம் நரம்பிலும் நாவடி நரம்பிலும் மட்டும் சிறிதாக வந்தால் புள்ளி.

நம் மூச்சின் பெரிய தசையான பிரிமென்றகட்டுக்குக் கழுத்துப் பகுதி முண்ணாணிலிருந்து நரம்பு போகிறது. தவளையின் மூச்சுத் தசைகளோ வாய், தொண்டைத் தசைகள். மீனில் பூக்கள் (நீரில் சுவாசிக்கும் உறுப்புகள், செவுள்கள்) வழியே நீரைத் தள்ளும் தசைகளின் உறவுக்காரர்கள் அவை. பரீட்சையில் "ஈரூடகவாழிகளின் சுவாச நரம்புகள் ஏன் பெரும்பாலும் மண்டையோட்டு நரம்புகள்?" என்று கேட்டால் இதைத்தான் எழுத வேண்டும்.

ஐந்தாம் படி: தாளம் எங்கிருந்து வருகிறது?

நரம்புகள் கம்பிகள் மாத்திரமே. யார் தட்டுவது?

1812 அளவில் லெகல்வா என்ற பிரெஞ்சு மருத்துவர் முயல்களில் மூளையைப் பகுதி பகுதியாக அகற்றிப் பார்த்தார். பெருமூளை போனாலும் மூச்சு நின்றுவிடவில்லை. பின்மூளையின் கீழ்ப்பகுதியான நீள்வளைய மையவிழையத்தில் வேகசு நரம்பு தொடங்கும் இடத்தருகே ஒரு சிறு பகுதி போனதும் நின்றுவிட்டது. தவளையிலும் இடம் அதே பின்மூளைதான்.

தவளை இந்த ஆய்வுக்கு வாய்ப்பாக அமைந்ததற்குக் காரணம் உண்டு. அதன் மூளைத்தண்டைத் தனியே எடுத்து, ஒட்சிசன் ஏற்றிய உப்புக்கரைசலில் வைத்தால் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். சிறியது, குளிர்ந்த உடலுக்குப் பழகியது, குறைந்த ஒட்சிசனில் சமாளிப்பது. இப்போது சுவாசப்பை இல்லை, தசை இல்லை, தோல் இல்லை. ஆனால் வெட்டிய நரம்பு வேர்களில் மின்வாய் வைத்தால் சிறு துடிப்புகள் வரிசையாக வருகின்றன. இடையிடையே பெரும் துடிப்புகள் கொத்தாக வருகின்றன. உங்கள் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே புள்ளியும் கோடும். மூச்சு விட உடலே இல்லாதபோதும் மூளைத்தண்டு மூச்சு விடுகிறது. ஆய்வாளர்கள் இதைப் பாவனைச் சுவாசமாகக் கொள்கிறார்கள். இந்தச் செய்தியை முதன்முதலில் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

புள்ளியும் கோடும் ஒரே கடிகாரத்தின் சிறிய அடி, பெரிய அடியா, அல்லது இரண்டு கடிகாரங்களா? பெருந்தவளையின் மூளைத்தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தபோது விடை கிடைத்தது. முன்பகுதி சுவாசப்பைத் தாளத்தையும், வேகசு நரம்பை ஒட்டிய பின்பகுதி வாய்த்தள தாளத்தையும் தனித்தனியே அடித்தன. ஆகவே குறைந்தது இரண்டு நரம்புக்கலக் கூட்டங்கள். காமன் கூத்தில் தப்படிப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் விடாமல் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கிறார், மற்றவர் நேரம் வரும்போது ஓங்கி அடிக்கிறார். ஆளுக்கொரு தப்பு இருந்தாலும் ஒருவர் அடியை மற்றவர் கேட்டுத்தான் அடிக்கிறார். கோடு எப்போதும் புள்ளிகளின் வரிசையில் தனக்குரிய இடத்தில் வந்து விழுவது அதனால்.

இருவரும் வேறானவர்கள் என்பதற்கு மருந்து தரும் சான்றும் உண்டு. மோபின் வகை வலிநிவாரணி மருந்து சுவாசப்பைத் தாளத்தை அடக்குகிறது. வாய்த்தள தாளத்தைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆஸ்பத்திரியில் மோபின் கொடுத்த நோயாளியின் மூச்சைத் தாதியர் அடிக்கடி பார்ப்பது ஏன் என்று தெரிந்தவர்களுக்கு இது புதிய கதையாக இராது. பாலூட்டிகளின் மூச்சிழுப்புத் தாளத்துக்கு அவசியமான கலக்கூட்டம் 1991இல் அடையாளம் காணப்பட்டது; அதற்குப் பிரீ-பொட்சிங்கர் தொகுதி என்று பெயர். அதுவும் இந்த மருந்துகளுக்குப் பணிகிறது. பாலூட்டிகளிலும் தாளக்காரர் ஒருவர் அல்லர் என்ற எண்ணத்துக்குத் தவளை ஆய்வு பலம் சேர்த்தது.

ஆறாம் படி: தாளத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் யார்?

தனி மூளைத்தண்டு தாளம் போடும். ஆனால் உடலுக்கு இப்போது எவ்வளவு காற்று வேண்டும் என்று அதற்குத் தெரியாது. செய்தி வர வேண்டும்.

ஒட்சிசன் குறைந்தால் சொல்பவை நாடிகளின் சுவரில் உள்ள வாங்கிகள். கழுத்துக்குப் போகும் நாடி பிரியும் இடத்தில் சிக்கலான சிறு முடிச்சு ஒன்று இருக்கிறது. பெருநாடி வளைவிலும், சுவாசப்பைக்கும் தோலுக்குமாகச் சேர்ந்து போகும் நாடியிலும் வாங்கிகள் இருக்கின்றன. அவற்றின் செய்தி ஒன்பதாம், பத்தாம் நரம்புகளால் பின்மூளைக்குப் போகிறது.

காபனீரொட்சைட்டு கூடினால் மூளையே உணர்கிறது. மூளைத்தண்டைச் சுற்றிய திரவம் சற்று அமிலமானால் கோடுகள் நெருங்கிவரும். நோரட்ரினலின் என்ற நரம்புச் செய்திப்பொருளைச் சுரக்கும், மூளைத்தண்டின் ஒரு சிறு கலக்கூட்டத்தைத் தேரைகளில் சேதப்படுத்தியபோது இந்த மறுமொழி தளர்ந்தது. அமில உணர்வில் அதற்குப் பங்கு இருக்கிறது என்று பொருள். விசித்திரம் என்னவென்றால், மூக்கினுள்ளே மணம் உணரும் நரம்பும் காபனீரொட்சைட்டை உணர்கிறது. அங்கே அது பட்டால் மூச்சு கூடுவதில்லை, அடங்குகிறது. கெட்ட காற்றை உள்ளே பம்ப் பண்ணாதே என்ற எச்சரிக்கை என்று கொள்ளலாம். ஒரே வாயு, உணரும் இடத்தைப் பொறுத்து எதிரெதிரான இரண்டு கட்டளைகள். மாணவர்கள் 'காபனீரொட்சைட்டு கூடினால் மூச்சு கூடும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவது, சுவாசப்பை நிரம்பியதைச் சொல்லும் இழுவை வாங்கிகள். அவற்றின் செய்தியும் வேகசுவில்தான் வருகிறது. 'இனிப் போதும்' என்ற செய்தி அது. கதவைத் திறக்கும் கட்டளை இறங்குவதும், உள்ளே நிரம்பிவிட்டது என்ற தகவல் ஏறுவதும் ஒரே நரம்புக்கட்டில் நடப்பதால், வேகசுவை வெட்டிய தவளையின் மூச்சைப் பார்த்து முடிவு கட்டும்போது எச்சரிக்கை வேண்டும். இரண்டையும் சேர்த்தே வெட்டியிருக்கிறோம்.

கொத்துக் கொத்தாக மூச்சு விடும் வடிவத்தில் நடுமூளையும் பின்மூளையும் சந்திக்கும் பகுதியிலிருந்து வரும் செய்திகளுக்கும் பங்குண்டு. ஆனாலும் முழு உடலின் வாங்கிகளோடு தொடர்பு அறுந்த மூளைத்தண்டும் கொத்தாகத் துடிக்கக்கூடியது.

ஏழாம் படி: ஓய்வின்போது குருதி எங்கே போகிறது?

மாணவர்கள் தாண்டிவிடும் படி இது. தவளை மூச்சடக்கி இருக்கும்போது சுவாசப்பைக்குக் குருதியை அனுப்புவது வீண். வேகசு நரம்பு சுவாசப்பை நாடியைச் சுருக்குகிறது. பொது நாடியின் மற்றக் கிளையால் தோலுக்குப் போகும் பங்கு கூடுகிறது. கோடுகள் தொடங்கினால் அந்தப் பிடி தளர்ந்து சுவாசப்பைக்குக் குருதி பெருகுகிறது. காபனீரொட்சைட்டில் பெரும்பகுதி எப்படியும் ஈரத்தோலால் போய்விடுகிறது. ஆகவே நரம்புத்தொகுதி காற்றை மட்டும் நடத்தவில்லை; காற்று வரும் இடத்துக்குக் குருதியையும் சேர்த்து நடத்துகிறது.

எட்டாம் படி: வாற்பேத்தையைப் பாருங்கள்

தண்ணீர்ப் பீப்பாயிலோ கான் முனையின் தேக்கத்திலோ வாற்பேத்தை கிடைத்தால் அடுத்த பாடம் ஆயத்தம். வாயும் தொண்டையும் தொடர்ந்து நீரைத் தள்ளுகின்றன. இது பூக்களின் தாளம். எப்போதாவது விருட்டென்று மேற்பரப்புக்கு வந்து ஒரு வாய்க் காற்றை எடுத்துப்போனால் அது சுவாசப்பைத் தாளம். கால் முளைக்கும் காலத்தில் இந்தப் பயணம் கூடும். பூக்கள் மறைந்த பிறகும் அந்தத் தாளம் முழுவதாக மறைந்துவிடவில்லை. பெரிய தவளையின் தொண்டைத் துடிப்பு அதன் வாரிசு என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உங்கள் தாளில் உள்ள புள்ளிகள் தவளைக்குள் மிச்சமிருக்கும் மீனின் கையெழுத்து.

வாற்பேத்தையின் மூளைத்தண்டைக் குளோரைட்டு இல்லாத கரைசலில் வைத்தால் நரம்புக்கலங்கள் ஒன்றையொன்று அடக்கும் வேலை பழுதாகும். அப்போது பூத் தாளம் நின்றுவிடுகிறது. சுவாசப்பைத் தாளம் தொடர்கிறது. ஒன்று பலர் மாறி மாறி அடக்கிக்கொள்வதால் பிறக்கும் தாளம். மற்றது அந்தப் பருவத்தில் அந்த அடக்குதலை நம்பியிருக்கவில்லை. உருமாற்றத்தோடு, நீரின் ஒட்சிசனையே பெரிதாகப் பார்த்த உயிர், காபனீரொட்சைட்டுக்குப் பலமாக மறுமொழி தரும் உயிராக மாறுகிறது.

நம் மலைநாட்டின் சிறப்பு இங்கேதான். ஹோட்டன் சமவெளிப் பக்கம் வாழும் டருகா சாதித் தவளை நீருக்கு மேலே நுரைக்கூடு கட்டி முட்டையிடுகிறது. வாற்பேத்தைகள் நீரில் விழுந்து மேற்சொன்ன வழியில் வளர்கின்றன. ஆனால் வேலியில் 'டிக் டிக்' என்ற புதர்த்தவளைகள், அதாவது இலங்கையில் 70 இனங்களைத் தாண்டும் சூடோஃபிலாட்டசு சாதி, நீரில் நீந்தும் வாற்பேத்தைப் பருவத்தையே விட்டுவிட்டன. ஈர மண்ணிலோ இலையிலோ இடப்பட்ட முட்டைக்குள்ளேயே எல்லாம் முடிந்து, நகத்தளவு தவளையாக வெளியே வருகிறது. நீரில் ஒருநாளும் மூச்சு விடாத அந்தக் குட்டியின் தொண்டையும் வெளியே வந்ததும் துடிக்கிறது. அதைக் கைவில்லையால் பார்க்கக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

ஒன்பதாம் படி: குளிரையும் உயரத்தையும் கணக்கில் எடுங்கள்

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றமுக்கம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒட்சிசனின் பகுதியமுக்கமும் அதே அளவில் குறையும். அப்படியானால் கோடுகள் கூட வேண்டுமல்லவா? அவசரப்படாதீர்கள். குளிர் அதற்கு எதிராக இழுக்கிறது. உடல் குளிர்ந்தால் ஒட்சிசன் தேவை வெகுவாகக் குறையும், தோலே பெரும்பகுதியைச் சமாளிக்கும், தாளக்காரர்களும் மெதுவாக அடிப்பார்கள். தைமாதப் பனி இரவில் பத்து நிமிடத்தில் ஒரு கோடும் விழாமல் போனால் தேரை செத்துவிட்டதாக எண்ண வேண்டாம். வெப்பநிலை எழுதாத எண்ணிக்கையை நான் திருத்தாமலே திருப்பிக் கொடுப்பது இதற்காகத்தான்.

குளிர்நாட்டில் இதன் எல்லையைக் காணலாம். வட அமெரிக்கப் பெருந்தவளை பனிக்கட்டி மூடிய குளத்தின் அடியில் மாதக்கணக்கில் தோலால் மட்டுமே சுவாசித்துக் கிடக்கிறது. சுவாசப்பைக்கான சுற்று அத்தனை காலமும் சும்மா இருக்கிறது. பனி உருகி மேலே வந்தால் அது மீண்டும் அடிக்கத் தொடங்குகிறது. ஓய்ந்திருந்த காலத்தில் நரம்பிணைப்புகள் தம் பலத்தைக் கூட்டிக்கொள்வதும் அதற்கு ஒரு காரணம்.

கான் வெட்டும்போதோ மரக்கறித் தோட்டத்தைக் கிளறும்போதோ, மஞ்சள் கோடு போட்ட, காலில்லாத, மண்புழுவும் பாம்பும் அல்லாத ஒன்று வெளிவந்தால் மண்வெட்டியை இறக்கி வையுங்கள். அது இக்தியோஃபிஸ், தவளைக்கு உறவான ஈரூடகவாழி. 1880களில் பாசல் நகரத்திலிருந்து வந்த சரசின் உறவினர்கள் இருவர் அதன் வளர்ச்சியை இந்த நாட்டில்தான் ஆராய்ந்தார்கள். தாய் முட்டைகளைச் சுற்றிக்கொண்டு கிடப்பதைப் படமாக்கி வெளியிட்டார்கள். அதுவும் வாயால் பம்ப் செய்துதான் மூச்சு விடுகிறது. ஈர மண்ணால் மூடிவிடுவதற்கு முன் அரை நிமிடம் அதன் தொண்டையைப் பாருங்கள். புள்ளி விழுகிறதா, கோடு விழுகிறதா என்று எழுதிக்கொள்ளுங்கள்.